முகத்தை நம்பாத காலு டீச்சர்

தென்காசி வட்டாரத்தில் மனித முகத்தை ஒரு நாளும் நம்பாதவர் என்று ஒருவர் உண்டென்றால் அது காலு டீச்சர்தான். முகத்தை அப்பா அம்மாவும் பள்ளிக்கூடமும் சேர்ந்து பழக்கிவிட்டார்கள், காலைப் பழக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை, ஆகவே உண்மை தெரியவேண்டுமானால் காலைத்தான் பார்க்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருக்கு என்று ஒரு நல்ல பெயரும் இருந்திருக்கும். அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் அவர் சூப்பர்வைசர். பிள்ளைகளுக்கு அல்ல, வாத்தியார்களுக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து அவர்களைத் தேற்றிவிடுவது அவர் வேலை. இப்படிப்பட்டவர்கள் வழக்கமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள். காலு டீச்சர் ஒரு சின்ன மனைப்பலகையோடு வருவார். கடைசி பெஞ்சுக்கும் பின்னால் தரையில் அதைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வாத்தியார் தெரியமாட்டார், கரும்பலகையும் தெரியாது. பெஞ்சுகளுக்கு அடியில் வரிசை வரிசையாகக் கால்கள் மட்டும் தெரியும்.

விஷயம் தெரியாத ஒரு புது டீச்சர், அவர் எதையோ தொலைத்துவிட்டார் என்று எண்ணி, பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளைத் தேட விட்டாராம். ஒரு ரப்பரும் ஒரு கோலிக்குண்டும் கிடைத்தன. காலு டீச்சர் நன்றி சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தால் பாதி புரிந்திருக்கிறது. இரண்டு காலும் ஊஞ்சலாடினால் பிள்ளை ஊரில் இல்லை. கட்டைவிரல் தரையைக் கவ்வினால் அடுத்த கேள்வி தனக்குத்தான் என்று பயப்படுகிறது. தமிழ் டீச்சர் ஒருவரிடம், “டீச்சர், நீங்க பாட்டுக்குப் பதவுரை சொல்ல ஆரம்பிச்சதும் எல்லாக் காலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு. அந்த எடத்துல ஒரு கதையைப் போடுங்களேன்” என்றார். போட்டார்கள். கால்கள் திரும்பி வந்துவிட்டன.

பள்ளித் தாளாளரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் ஒழுக்கத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது, “தாளாளர் சார் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டாவ. அவியளுக்குக் கூட்டம் முடிஞ்சு போச்சு. நாம எந்திரிப்போமா?” என்றார். மறுநாளே தாளாளரின் மேசைக்குத் தரைவரை தொங்கும் துணி ஒன்று போடப்பட்டது.

‘புரிஞ்சுதா?’ என்ற சொல்லை அவர் காதில் விழும்படி யாரும் பேசக்கூடாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் வழக்கம்போல் அப்படிக் கேட்டுவிட்டார். “புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுதுன்னுதான் டாக்டர் சொல்லுவேன். எந்த மாத்திரை எப்பன்னு என்கிட்ட கேளுங்க” என்றார் இவர். கேட்டதில், டாக்டருக்கே ஒரு மாத்திரையில் சந்தேகம் வந்து சீட்டைத் திருத்திக் கொடுத்தாராம்.

இவ்வளவும் எனக்குத் தெரியக் காரணம், என் மகன் இசக்கிராஜா அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்ததுதான். காலு டீச்சர் அவன் வகுப்பில் வந்து உட்கார்ந்த அந்த ஒரு வாரத்தின் நடுக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் போலீஸ். எங்கள் கல்யாண போட்டோவைப் பார்த்தால் விருந்துக்கு வந்தவர்கள் யார், பந்தோபஸ்துக்கு வந்தவர்கள் யார் என்று பிரிக்க முடியாது. அந்தக் குடும்பத்தில் ஆறடி உயரமும் அதற்கேற்ற மார்பும் உள்ள ஒரு பையன், தான் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தரப்போவதாகச் சொன்னபோது வீடு துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார்.

“ஒரு வருசம் தாரேன்லே. வருசக் கடைசியில பள்ளிக்கூடத்துல ஒன்ன வச்சுக்கிட்டா சரி. வெளிய அனுப்பிட்டா, மறுபேச்சு இல்லாம எஸ்.ஐ. பரீட்சை எழுதணும்.”

ராஜா ஒத்துக்கொண்டான். நான் அன்றைக்கே கவலைப்படத் தொடங்கினேன். நான் இயல்பாகவே அப்படித்தான். சாரல் பிடித்தால் துணி காயாதே என்று கவலை, வெயில் அடித்தால் அருவியில் தண்ணீர் வற்றுமே என்று கவலை. இத்தனைக்கும் நான் அருவிக்குப் போகிறவளே இல்லை.

கவலைக்குக் காரணமே இல்லாதது போலத்தான் முதலில் இருந்தது. ராஜாவின் வகுப்பில் அவ்வளவு அமைதி. தலைமையாசிரியர் பள்ளிக்கு வருகிற விருந்தாளிகளை அந்த வகுப்பின் ஜன்னல் ஓரமாகத்தான் கூட்டிக்கொண்டு போவார். “எம் மவன் கிளாசுல ஈ பறந்தாலும் கேக்குமாம்” என்று என் வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலு டீச்சர் பலகையோடு வந்து உட்கார்ந்தார். பீரியடு முடிந்ததும் எழுந்து, “நாளைக்கும் வாரேன் சார்” என்றார். செவ்வாய்க்கிழமை வந்தார், அதையே சொன்னார். புதன்கிழமையும் அப்படியே. மற்றவர்கள் வகுப்பில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் உட்காருவாராம். புதன் சாயங்காலம் ராஜா தட்டில் வைத்த தோசையைத் தொடவில்லை.

“யம்மா, எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன். அவிய வந்து அனுப்புததுக்கு முன்னால நானே போயிருதேன்.”

“ஏம்லே? என்ன சொன்னாவ?”

“ஒண்ணுமே சொல்லலம்மா. அதாம்மா பயமா இருக்கு.”

உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார். “எஸ்.ஐ. புக்கு அலமாரியில இருக்குலே. தூசி தட்டி வச்சிருக்கேன்.”

மறுநாள் காலையில் நான் குற்றாலத்துக்குப் புறப்பட்டேன். சீசன் முடியும்வரை காலு டீச்சர் தினமும் அருவியில் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெண்கள் பக்கத்தில் ஒரே கூட்டம். இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, வழுக்கி விழுந்து சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போய், தலையில் தண்ணீர் இடி மாதிரி விழ நின்றுகொண்டிருந்த அவரைக் கண்டுபிடித்தேன்.

“டீச்சர்! நான் இசக்கிராஜா அம்மா!” என்று கத்தினேன்.

அவர் தலையாட்டினார். கேட்டதா, குளிர் தாங்காமல் ஆட்டினாரா என்று தெரியவில்லை.

“எங்க ராசா நல்ல பையன் டீச்சர்! அவனை எடுத்துராதீங்க!”

அவர் திரும்பி முதுகைக் காட்டினார். நான் இன்னும் தொண்டையைத் திறந்தேன். அதே நேரம் பெண் போலீஸ் விசில் ஊதி எங்கள் கூட்டத்தை வெளியே தள்ளினார். இரைச்சலை விட்டு வெளியே வந்ததை நான் கவனிக்கவில்லை.

“அவனுக்கு இந்தப் போலீஸ் வேலை வேண்டாம் டீச்சர்!” என்று அலறினேன்.

ஈரச் சேலையோடு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விசிலை வாயிலிருந்து எடுத்த போலீஸ்காரம்மா, “ஏன், போலீஸ் வேலைக்கு என்ன கொறச்சல்?” என்றார்.

“ஒரு கொறையும் இல்ல மேடம். எங்க வீட்ல எல்லாரும் போலீஸ்தான்.”

“பொறவென்ன? பையனை வரச் சொல்லுங்க.”

காலு டீச்சர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார்.

“யக்கா, ரெண்டு காலும் ரோட்டைப் பாத்துல்லா நிக்குது. பேச வந்தீயளா, ஓட வந்தீயளா?”

“பேசத்தான் டீச்சர். அவன் என்ன தப்பு செஞ்சான்?”

“தப்புன்னு ஆரு சொன்னா? இத்தன வருசமா காலு பாக்குதேன், இப்படி ஒரு கிளாசு பாத்ததில்ல. ஒரு காலு ஆடல.”

“நல்லதுதானே டீச்சர்?”

“உசுரோட இருக்க பிள்ளைக்குக் காலு ஆடும்க்கா.” தலைமுடியைப் பிழிந்தபடி கொஞ்சம் யோசித்தார். “நானும் மூணு நாளா அது என்னன்னு பாக்கேன், பிடிபட மாட்டேங்கு. பிடிபடாம அந்தப் பையன்கிட்ட என்னத்தச் சொல்ல? நாளைக்கு நீங்களும் வாங்க. பெஞ்சுல உக்காருங்க. ஹெச்.எம்.கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

வெள்ளிக்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில், இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் ராஜாவின் முகம் வெளுத்தது. காலு டீச்சர் பலகையை அவனிடம் நீட்டினார்.

“சார், இன்னைக்கு நீங்க இதுல உக்காருங்க. நான் உங்கள மாதிரியே பாடம் எடுக்கேன். சரியா வருதான்னு பாருங்க.”

ஆறடி உயரப் பிள்ளை அந்தக் குட்டிப் பலகையில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தான். காலு டீச்சர் என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது என் வீட்டுக்காரரின் குரல்.

“பின்னம்! மேல தொகுதி! கீழ பகுதி! புரிஞ்சுதா!”

“புரிஞ்சுது டீச்சர்!” என்று வகுப்பே அலறியது.

“பகுதி ஒண்ணா இல்லைன்னா பொதுப் பகுதி! புரிஞ்சுதா!”

“புரிஞ்சுது டீச்சர்!” அந்தக் கூச்சலில் என் குரலும் இருந்தது. நான் பி.காம். முடித்தவள், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறவள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கத்தினேன். கத்தாவிட்டால் என்னவோ ஆகிவிடும் போலிருந்தது.

குனிந்து பார்த்தேன். என் குதிகால்கள் ஒட்டியிருந்தன, முழங்கால்கள் ஒட்டியிருந்தன, விரல்கள் செருப்பைக் கவ்வியிருந்தன. பக்கத்துச் சிறுமிக்கும் அப்படியே. வீட்டில் டிவி ரிமோட் காணாமல் போகிற நாட்களில் நான் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

பீரியடு முடிந்ததும் வராந்தாவில் காலு டீச்சர் கேட்டார்: “என்ன பாத்தீய சார்?”

ராஜா பலகையை அவரிடம் திருப்பிக் கொடுத்தான். “பயந்து போயி இருக்குதுங்க டீச்சர். எங்கம்மா காலும் அப்படித்தான் இருந்துச்சு.”

“அப்ப அதுதான். எனக்கு இப்பத்தான் தெரியுது. சரி, நீங்க ஆருக்குப் பயந்து இந்தச் சத்தம் போடுதீய?”

“முதல் நாள் ஒரு பய சிரிச்சுட்டான் டீச்சர். விட்டா கிளாசே கையை விட்டுப் போயிரும்னு...”

“போவட்டும் சார். போனா ரெண்டு பேருமாப் பிடிச்சுக் கொண்டாருவோம். திங்கக்கெழமை பாதிச் சத்தத்துல எடுங்க. நான் இங்கனதான் இருக்கேன்.”

சொன்னபடி இருந்தார். மதிய உணவு வேளையில் இருவரும் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைப் பிரித்துப் போட்டார்கள். சில நாட்கள் அவர் எடுத்தார், இவன் பார்த்தான். சில நாட்கள் இருவருமே சொதப்பினார்கள். கால்கள் மெல்ல அசையத் தொடங்கின. அதோடு வாய்களும் அசைந்தன. தலைமையாசிரியர் விருந்தாளிகளை வேறு வகுப்பு ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போகத் தொடங்கினார்.

வருடக் கடைசியில் தாளாளர் காலு டீச்சரைக் கூப்பிட்டார். “முன்ன எப்படி இருந்த கிளாசு! நீங்க போயி கெடுத்துட்டீங்க. இந்தப் பையனை வைக்கணுமா, அனுப்பணுமா?”

“கெட்டுத்தான் போயிருக்கு சார். இன்னும் கொஞ்சம் கெடணும். அவர் இருந்தாத்தான் அது நடக்கும்.”

தாளாளர் வெகுநேரம் யோசித்தார். மேசைத் துணிக்குப் பின்னால் அவர் கால்கள் என்ன செய்தன என்று யாருக்கும் தெரியாது. சரி, இருக்கட்டும் என்றார்.

ஆனால் எங்கள் வீட்டுத் தீர்ப்பு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் ராஜா பரிசு வாங்கியவன் மாதிரி ஓடிவந்தான்.

“யம்மா! இன்னைக்கு ஒரு பய எந்திரிச்சு, ‘சார், எனக்குப் புரியல’ன்னு சொல்லிட்டான்!”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார். “ஒன் மொகத்தப் பாத்தா? என்ன தைரியம் அவனுக்கு!”

“ஆமாப்பா! அவனப் பாத்து இன்னும் நாலு பேரு சொன்னானுவ!”

இவர் பேப்பரை மடித்து வைத்தார். அந்த நாலு பேர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நான் நடுங்கினேன்.

“என்னது புரியலன்னு கேட்டியாலே?”

“கேட்டேன்பா.”

“ம். கேக்கணும்.” அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் எஸ்.ஐ. புத்தகம் அவர் தம்பி வீட்டுக்குப் போனது.

காலு டீச்சர் இப்போது வடகரைப் பக்கம் வேறொரு பள்ளியில் இருக்கிறார். ராஜாவின் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சர் ஒருவர் போன மாதம் வகுப்பிலேயே அழுதுவிட்டாராம். அவர் வகுப்பில் போய் உட்காரும்படி ராஜாவிடம் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்யவேண்டும் என்று கேட்க அவன் காலு டீச்சருக்குப் போன் போட்டான். காபி ஆறிப்போகும்வரை பேசினார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் போனை என்னிடம் தந்தான்.

“யக்கா, நல்லா இருக்கீயளா?”

யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வேன். போனில் என் கால் அவருக்குத் தெரியாதே என்று நினைத்தேன். அதனால் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“நீங்க இங்கன இல்லாம நல்லாவே இல்ல டீச்சர்.”