ஈய ஏப்ரனை நாலாக மடித்தவள்

கோபம் வந்தால் எனக்கு முதலில் போவது மரியாதை. இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. அன்று நான் யாரை எதற்காகத் திட்டினேனோ, அந்தக் குற்றத்தில் பாதியை நானே செய்திருந்தேன். வெட்கம் அங்கேதான் இருக்கிறது.

தென்காசியில் ஒரு தனியார் இருதய மருத்துவமனையில், ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் வருடம். டாக்டர் காலால் ஒரு பெடலை மிதிப்பார். மிதித்திருக்கும் வரை எக்ஸ்ரே ஓடும், திரையில் இதயம் தெரியும். காலை எடுத்தால் நின்றுவிடும். பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற இந்த விஷயம் எங்கள் பெரிய டாக்டருக்கு மட்டும் புரியாது. திரையைப் பார்க்காமல், குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா, கேரள பார்டரில் எந்தக் கடைப் பரோட்டா நன்றாக இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரை விசாரித்துக்கொண்டிருப்பார். கால் மட்டும் பெடலிலேயே இருக்கும். (பரோட்டாவுக்கு எதற்கு ஐயா எக்ஸ்ரே?)

நானாவது கண்ணாடிக்கு வெளியே பத்திரமாக உட்கார்ந்திருப்பேன். நர்ஸ் பேச்சியம்மாள் அக்கா உள்ளே, மேஜையை ஒட்டி நாள் முழுக்க நிற்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குத் தன் சாப்பாட்டில் பாதி கொடுத்தவர்.

"பயமா இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயந்தா யாருட்டி சம்பளம் தருவா? அதான் ஏப்ரன் போட்டிருக்கேன்லா" என்றார்.

ஈயம் வைத்துத் தைத்த அந்தக் கனத்த ஏப்ரன்தான் அக்காவுக்கும் கதிர்வீச்சுக்கும் நடுவில் இருந்த ஒரே பொருள். மேலேயிருந்து தொங்கும் கண்ணாடித் தடுப்பை இறக்கிக்கொள்ளலாம். "மறைக்குது" என்று பெரிய டாக்டர் அதைத் தள்ளிவிட்டுவிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வையுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கொட்டாவி விட்டபடி, "நீயே எடுத்துரும்மா" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உலகத்தையே திருத்தப் போகிறவள் மாதிரி மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே சாரல். வேறு மருத்துவமனைகளிலிருந்தும் சேர்த்து ஐந்து டாக்டர்கள் வந்தார்கள். ஐந்து பேர் கையிலும் துண்டு. ஒருவர் கையில் எண்ணெய் பாட்டில்! வகுப்பு முடிந்ததும் குற்றாலமாம்.

"காலை எடுங்க, ஒரு எட்டு தள்ளி நில்லுங்க, தடுப்பை இறக்குங்க, எவ்வளவு கதிர் பட்டதுன்னு காட்டுற பேட்ஜைப் பீரோவுல தொங்கவிடாம சட்டையில போடுங்க." தொண்டை வற்றச் சொன்னேன். ஒருவர் போனில் அருவி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாப்பா, தண்ணி குறையதுக்குள்ள முடிச்சிருவியா?"

பாப்பாவாம்! கையிலிருந்த குறிப்புகளைக் கீழே வைத்துவிட்டேன். "ஏப்ரனைக் கழத்தின இடத்துலயே எறியுதீங்க. உள்ள ஈயம் வெடிச்சிருக்கும். உங்க லட்சணத்தை இப்ப படமாவே காட்டுதேன்" என்றேன்.

சவால் பெரிய டாக்டருக்குப் பிடித்துப்போனது. தானே உள்ளே போய்ப் பெடல் அருகில் நின்றார். பேச்சியக்கா அலமாரியிலிருந்து ஏப்ரன்களை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்தார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே திரையைப் பார்த்தோம். ஈயம் வெடித்த இடத்தில் கதிர் புகுந்து கோடாகத் தெரியும். முதல் ஏப்ரனில் நெடுக்காக ஒரு வெடிப்பு, குறுக்காக ஒரு வெடிப்பு, ஸ்கேல் வைத்துப் போட்ட கூட்டல் குறி. இரண்டாவதிலும் அதே குறி. மூன்றாவதிலும் அதே.

எறிந்த துணியில் இவ்வளவு ஒழுங்காக வெடிப்பு விழாது. அந்தக் குறி யாருடையது என்று எனக்குத் தெரியும்.

காரணம், என் வாப்பா. பஜாரில் கைலிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடக்கும் முன்னே கைலி மடிக்கக் கற்றுக்கொள்வோம். முனையோடு முனை சேர்த்து, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு, ஓர் அமுக்கு. ஏப்ரனைத் தொங்கவிட ஸ்டாண்டு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டும் வரவில்லை. இறைந்து கிடக்கிறதே என்று நான்தான் தினமும் அவற்றை நாலாக மடித்து, தேய்த்து, அமுக்கி அடுக்கிவைத்தேன். மடித்தால் மடிப்பில் ஈயம் வெடிக்கும், மடிக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ஆனால் "நம்ம பாப்பா நீட்டா வச்சிருக்கு" என்று பெரிய டாக்டர் ஒருநாள் பாராட்டிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக எட்டு மாதம் மடித்தேன்.

எண்ணெய் பாட்டில் டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். "எறிஞ்ச மாதிரி தெரியலையே. யாரோ இஸ்திரி போட்டுல்லா மடிச்சிருக்காங்க?"

ஸ்பீக்கரில் பெரிய டாக்டரின் குரல் வந்தது. "பாப்பாவோட அப்பா கைலிக் கடைல்லா!"

ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கடைசியாகப் பேச்சியக்கா தான் போட்டிருந்த ஏப்ரனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வரத் திரும்பினார். உள்ளே இருந்த திரையில் அதிலும் அதே கூட்டல் குறி கண்ணில் பட்டது. நின்றார். மேஜையிடம் திரும்பிப் போய், வயிற்றுப் பக்கம் ஓடிய அந்த வெடிப்பை ஏப்ரன் மேல் விரலால் தடவினார். "இதப் போட்டுக்கிட்டா இத்தன நாளும் நின்னேன்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். உடம்பில் ஏப்ரன் இல்லை. எக்ஸ்ரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் எங்கள் பக்கம் திரும்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கால் பெடலில்.

மைக்கை அமுக்கினேன்.

"கால எடுலே!"

அறை, வராண்டா, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த கூடம், எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. பாவூர்சத்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு அண்ணாச்சி பெஞ்சிலிருந்து இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டாராம். பெரிய டாக்டரும் எடுத்தார். விளக்கு அணைந்தது. சிரிப்பும் நின்றது. அன்று யாரும் குற்றாலம் போகவில்லை.

மறுநாள் மெமோ வந்தது. மரியாதையில்லாமல் 'லே' போட்டதற்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். காலை எடுக்கச் சொன்னதற்கு எழுத மாட்டேன் என்றேன். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. ஒரே வாரத்தில் ஸ்டாண்டும் புது ஏப்ரன்களும் வந்தன. என்னைக் கண்டாலே பெரிய டாக்டருக்குக் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். பேச்சியக்காவுக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. பேட்ஜ் டாக்டர்களுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் என் ரத்தம் கொதிக்கிறது.

வீட்டில் இது நிரந்தரக் கூத்தாகிவிட்டது. வாப்பா கைலி மடித்தால், "எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க" என்பார்கள். பெருநாளுக்குப் பேச்சியக்கா வந்துவிட்டால் போதும். என் மகன் நாற்காலியில் ஏறி நின்று "கால எடுலே!" என்று கத்துவான், கூடம் முழுக்கச் சிரிக்கும். அக்காவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். சிரித்து முடித்து, ஒவ்வொரு வருடமும் ஒன்றையே சொல்வார்.

"நல்லாத்தான் சொன்னா. எட்டு மாசம் கழிச்சுல்லா சொன்னா."

நான் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவேன்.