இடப்பக்கம் மட்டும் திரும்பிய புல்லுவெட்டி

லா ஷப்பேல், பரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

பேரன்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

நானும் துஷ்யந்தியும் உங்கள் புல்லுவெட்டி மிசினும் இங்கு நலம். நாங்கள் இருவரும் போன கிழமையும் நலமாகத்தான் இருந்தோம். மிசின் நேற்றுத்தான் நலமடைந்தது. போனில் சொன்னால் உங்கள் சத்தம் கேட்க வேண்டிவரும் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

நீங்களும் அக்காவும் யாழ்ப்பாணத்தால் வரும்வரைக்கும் தோட்ட வேலைகளைப் பார்க்கச் சொல்லி மிசின் திறப்பைத் தந்துவிட்டுப் போனீர்கள். புதுச்சேரிக்கார மதாம் ஜிஸ்லேன் உங்கள் முதல் வாடிக்கை, எது போனாலும் அவவை விடக்கூடாது என்று விமான நிலையத்தில் வைத்தும் சொன்னீர்கள். ஏறி இருந்து ஓட்டுகிற மிசினில் நான் முதன்முதல் ஏறப்போகிறேன் என்று துஷ்யந்தி ரூ காய் தெருவிலுள்ள தமிழ்க்கடையில் தேங்காய் வாங்கி வந்து, கற்பூரம் காட்டி, முன் இரும்பில் அடிக்கச் சொன்னா. அடித்தேன். தேங்காய் சிதறிப் போனது, எனக்கும் சந்தோசம். ஆனால் மதாம் வீட்டுப் புல்லில் இறங்கினால் மிசின் இடப்பக்கம் மட்டும்தான் திரும்புது. நேரே விட்டாலும் இடப்பக்கம்தான் இழுக்குது. நான் என்ன செய்ய, சுத்திச் சுத்தி வெட்டினன். தலை சுத்தி இறங்கிப் பாத்தால் புல் முழுக்க வட்டம் வட்டமாய்க் கிடக்குது. நல்லகாலம், மதாம் வீட்டிலை இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வான் பிடிச்சு, ஒபர்வில்லியேயிலை கராஜ் வைச்சிருக்கிற நீக்கிலாஸ் அண்ணையிட்டை மிசினைக் கொண்டுபோனன். அவர் முன்பக்கத்தை ஜக் வைச்சுத் தூக்கிச் சில்லுகளை ஆட்டிப் பாத்தார், காத்து இருக்கோ எண்டு பாத்தார், ஸ்டியரிங்கிலை இருந்து சில்லுக்குப் போற கம்பியளின்ரை மூட்டுகளைக் கழட்டினார். ஒண்டு தேய்ஞ்சு ஆடுது எண்டு புதுசும் போட்டார். அப்பவும் வலப்பக்கம் அசையேல்லை. கடைசியிலை கீழை படுத்து, ஸ்டியரிங் தண்டுக்கு அடியிலை இருக்கிற பல்லுச்சக்கரத்துக்கை கையை விட்டு எதையோ இழுத்தெடுத்தார். பாத்தால், தேங்காய் ஒட்டினபடி ஒரு சிரட்டைத் துண்டு.

அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "தவம், இது எந்தக் கொம்பனியின்ரை சாமான்?" எண்டார்.

பிறகு கிறீஸ் பூசிப் பூட்டினார். இப்ப ஒரு விரலாலை திருப்பலாம் அத்தான், எனக்கு மனம் நிறைஞ்சுபோச்சு. நாளைக்கு மதாமின்ரை புல்லை நேர்நேராய் வெட்டிக் குடுத்து, மன்னிப்பும் கேட்டு, உங்கடை வாடிக்கையைக் காப்பாத்திப் போடுவன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. நல்லூரான் உங்களைச் சுகமாகவும் என்னை நேராகவும் நடத்துவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
தவரத்தினம்

பி.கு.: கடிதத்தை மடிக்கேக்கை மதாம் போன் எடுத்தா. "புல்லுல கோலம் போட்டாப்புல இருக்குதுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து படம் புடிச்சிட்டுப் போறாங்க. இனிமே இப்படியே வெட்டுங்க, நேரா வெட்டுறதுன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" எண்டா. ஓம் எண்டிட்டன். உடனை ஓடிப்போய் நீக்கிலாஸ் அண்ணையின்ரை கராஜ் வளவுக்கை நிக்கிற மிசினிலை ஏறிச் சுத்திப் பாத்தன், என்ரை கைக்கு வட்டம் வரேல்லை, முட்டைதான் வருகுது. ஸ்டியரிங்கைத் திரும்பப் பழுதாக்கிறது எப்பிடியெண்டு தயவுசெய்து உடன் அறியத்தரவும்.