அறுநூறு குதிரைகளும் ஒரு மாமனாரும்

காரின் பின்புறத்தில் எஞ்சின் ரகத்தைக் காட்டும்படி ஒட்டியிருந்த எழுத்துகளைப் பல்லிடுக்கு நூலால் அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார் எக்பர்ட். மனைவி ரோஸ்விதா முடி உலர்த்தும் கருவியால் பசைக்குச் சூடு காட்டினாள்.

"ஷோரூம்காரன் வண்டிங்க இது. கீறல் விழுந்தா என்ன சொல்வீங்க?"

"உங்கப்பா கண்ணுல இந்த எழுத்து விழுந்தா என்ன சொல்றது? அதைச் சொல்லு முதல்ல."

எக்பர்ட் நூலை வெடுக்கென்று இழுத்தார். வார இறுதியில் ஓட்டிப் பார்த்து, பிடித்தால் லீசுக்கு எடுக்கலாம் என்று அறுநூறு குதிரைசக்திக் காரைக் கொண்டுவந்தால், திருட்டு வண்டி போல அடையாளத்தை அழிக்க வேண்டியிருக்கிறது. தென்ஜெர்மனியின் இந்த ஸ்வாபிய மண்ணில் சம்பாதிப்பது குற்றமில்லை. அது வெளியே தெரிவதுதான் குற்றம்.

திங்கட்கிழமை மாமனார் கோட்ஹில்ஃப் தம் வால்வு கம்பெனியை மருமகன் பெயருக்கு எழுதித் தருவதாக இருந்தார். படாடோபக்காரன் கையில் கொடுப்பதைவிடப் பூட்டுப் போட்டுவிடுவேன் என்று சொன்னவர் அவர். எண்பது வயதிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி ஓட்டினார். "சின்ன டீசல். எனக்கு அது போதும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்வார்.

அரை மணி நேரத் தொலைவிலுள்ள உல்ம் நகரிலிருந்து கிளம்புகிறேன் என்று போன் செய்தவர், காப்பி இறங்குவதற்குள் வாசலில் வந்து நின்றார்.

"புது வண்டியா மாப்பிள்ளை?"

"சும்மா பார்க்க எடுத்துட்டு வந்தேன் மாமா. சின்ன டீசல்."

"ஒரு சுத்து போவோம், வா."

சாவியைத் தொட்டதும் வண்டி உறுமிய உறுமலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"டீசலுக்கா இந்தச் சத்தம்?"

"சைலென்சர்ல ஓட்டை, மாமா."

"புது வண்டியிலயா?" கிழவர் முகம் சிவந்தது.

விரைவுச்சாலையில் வேக வரம்பே இல்லாத பகுதி வந்தது. எக்பர்ட் ஒரு டச்சுக்காரரின் கேரவனுக்குப் பின்னால் ஊர்ந்தார். அதன் ஜன்னலிலிருந்து ஒரு நாய் அவரையே பார்த்துக்கொண்டு வந்தது. அந்த நாயிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

"ஏன் முந்த மாட்டேங்கற?"

"இழுக்கல மாமா."

"அநியாயமா இருக்கே. பங்க்ல நிறுத்து, டேங்க்கை நான் ரொப்பித் தரேன்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு குண்டூசி வாங்கித் தராத மனிதர், டீசல் குழாயைக் கையில் எடுத்தார். பெட்ரோல் எஞ்சினுக்குள் டீசல் போனால் வண்டியே போச்சு. நல்லவேளையாக, பெட்ரோல் வண்டியின் வாய்க்குள் அந்தத் தடித்த குழாய் நுழையவில்லை. கிழவர் அவசரமே படாமல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள போகலையே மாப்பிள்ளை."

"அதுவும் கோளாறுதான் மாமா."

"கத்துது, இழுக்கல, டீசலும் குடிக்கல. எவன் உன் தலையில கட்டினான் இதை? விடு அவன் கடைக்கு."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவர், கடை வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "இந்தக் கடையா? விட்டுத் தள்ளு. வீட்டுக்குப் போயிடலாம்."

அதற்குள் விற்பனையாளர் ஸீக்லர் ஓடிவந்து எக்பர்ட் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எப்படி சார் இருந்தது? அறுநூறு குதிரையும் பறந்துச்சா?"

எக்பர்ட் கண்ணைக் காட்டினார். பயனில்லை. கம்பெனி போய்விட்டது என்று தெரிந்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்த ஆத்திரம் பொங்கிவிட்டது.

"ஆமா மாமா, பெட்ரோல்தான். அறுநூறு குதிரை. ஓட்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் உழைச்ச காசு, நான் ஓட்டறேன். இதுக்கு எதுக்கு நான் உங்களுக்குப் பயந்து, நாய்க்குப் பின்னாடி ஊர்ந்து போகணும்? கம்பெனியை யாருக்கு வேணும்னாலும் எழுதிக் கொடுத்துக்குங்க."

கிழவர் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஸீக்லர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "அடடே, நீங்களா ஐயா? உங்களோடது அடுத்த வாரம் வந்துடும், இதே எஞ்சின்தான். வழக்கம்போலப் பின்னாடி எழுத்து எதுவும் வேண்டாம், இல்லையா?"