வடமதுரை வழியாக டாக்கா

வடமதுரை,
26-2-1958

கண்ணியத்திற்குரிய மருமகப்பிள்ளை நூர் அகமது அவர்களுக்கு, மாமனார் அப்துல் ஜப்பார் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொண்டது. இறைவன் கிருபையால் இவ்விடம் நானும் உங்கள் மாமியார் ஜெய்தூன் பீவியும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, ஆகையால் எழுதிவிட்டேன். அவ்விடம் தாங்களும், மாசமாயிருக்கும் என் மகள் குர்ஷித்தும் சௌக்கியமாக இருக்க துஆ செய்கிறோம்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நம்மூருக்குப் பக்கத்து வடமதுரையேதான். திண்டுக்கல்லில் நம் பேகம்பூரைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் போன வாரமே டாக்கா வந்து உங்கள் வீட்டில் இறங்கிவிட்டோம்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் நம் வழக்கம். அவ்வளவு தூரம் ஸ்டீமரிலும் ரயிலிலும் அவளை அலைக்கழிக்க வேண்டாம், நீங்களே வாருங்கள், மாசியில் இங்கே வசந்த காலம், மரமெல்லாம் பூத்திருக்கும் என்று தாங்கள் எழுதினீர்கள். வசந்த காலம்னா என்னங்க என்று உங்கள் மாமியார் கேட்டாள். நம்மூரில் வெயில் காலத்தை விட்டால் கடும் வெயில் காலம், நான் என்னத்தைக் கண்டேன்? குளிருமாக்கும் என்றேன். அன்றைக்கே கம்பளி வாங்கிவிட்டாள். அங்கே வங்காளிகளிடம் உருது பேசினால் முகம் சுளிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் பேசுகிற உருதுக்கு எங்கேயும் சுளிப்பார்கள், அதனால் அது ஒரு பெரிய கவலையாகத் தோன்றவில்லை.

விசாவுக்காகப் பாஸ்போர்ட்டுகளை மதராஸுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொழுதுவிட்டு வரும்போது என் சாச்சா மகன் அப்துல் சுக்கூரிடம் சொல்லித் தொலைத்தேன். அயல்தேசம் போகிறவனுக்கு வழியனுப்பு விருந்து வைக்காமல் விட்டால் நம் ஜனங்களுக்குத் தூக்கம் வருமா? அவன் வீட்டில் கை நனைத்ததுதான் தாமதம், எங்க வீட்டுக் கறி மட்டும் கசக்குதாக்கும் என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்டார், அங்கே தின்றேன், அதற்கடுத்த வீட்டிலும் தின்றேன், இப்படியே தெரு முழுக்கப் பிரியாணி தின்று தீர்த்தேன், ஒவ்வொரு வீட்டிலும் குர்ஷித்துக்கென்று ஊறுகாயும் சிறுமலைப் பழமும் கட்டிக் கொடுத்தார்கள், பழம் கனிந்ததே தவிர விசா வரவில்லை, பழத்தையும் நானே தின்றேன். விருந்தெல்லாம் முடிந்தும் நான் கறிக்கடைக்கும் தோல் மண்டிக்கும் போய் வந்துகொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? இன்னும் போகலையா, இன்னும் போகலையா என்று பார்க்கிறவனெல்லாம் கேட்டான். கடைசியில் அப்துல் சுக்கூர் நடுத்தெருவில் நிறுத்தி, “அப்பு, எங்க வீட்டு விருந்து பழசாப் போச்சு. இன்னொருக்கா வைக்கவா?” என்றான். அந்த மானக்கேட்டுக்கு மேல் ஊரில் இருக்க முடியாமல் நாளைக்குப் புறப்பாடு என்று அறிவித்துவிட்டேன்.

ஃபாத்திஹா ஓதினார்கள், ஸ்டேஷன் வரை வந்து மாலை போட்டார்கள். மதராஸில் போய்க் காத்திருப்போம் என்பது என் யோசனை. ரயில் நகர்ந்தபிறகு உங்கள் மாமியார், மதராஸில் யார் வீட்டில் தங்குவது என்று கேட்டாள். நமக்கு அங்கே ஒரு நாதியும் கிடையாது. மாலையைக் கழற்றிக்கொண்டு வடமதுரையில் இறங்கிவிட்டோம். எனக்குத் தோல் பிடித்துக் கொடுக்கும் மிக்கேல்ராஜ் வீட்டில்தான் இருக்கிறோம். தங்கமான மனுஷன். அவன் பெண்சாதி ரோசலின் மட்டும் காலையில் காப்பி கொடுக்கும்போது, டாக்காவில் வெயில் எப்படி என்று கேட்கிறாள்.

இதிலே பெரிய கூத்து என்னவென்றால், விசா வந்தால் பேகம்பூர் வீட்டுக்குத்தான் வரும். போய் வாங்கலாமென்றால் நான் ஊரில் இல்லை, டாக்காவில் இருக்கிறேன். டாக்காவுக்கு வரலாமென்றால் விசா இல்லை. உங்கள் மாமியாருக்கு இந்த நியாயமெல்லாம் ஏறவில்லை. பிள்ளைக்கு வலி எடுக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான். “ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகுது. எம்மக அங்க ஒத்தையாக் கெடக்கா. போயி அந்தச் சனியன வாங்கிட்டு வாங்க” என்கிறாள். எனக்கு மட்டும் மகள் இல்லையா? அழுகையாகத்தான் வருகிறது. ஆனால் இத்தனை வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நுழைவது?

ஆகையால் தாங்கள் ஓர் உபகாரம் செய்ய வேண்டும். நான் எழுதுவதுபோல் அங்கிருந்து அப்துல் சுக்கூருக்கு ஒரு கார்டு போடவும். சுகமாக வந்து சேர்ந்தோம், மரமெல்லாம் பூத்திருக்கிறது, உங்கள் வீட்டு விருந்தை மறக்க முடியவில்லை என்று எழுதவும். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதையும் கவனித்துக்கொள்ளவும். குர்ஷித்தை மாடிப்படி ஏற விடாதீர்கள். அம்மா வந்துகொண்டே இருக்கிறாள் என்று சொல்லுங்கள். தங்கள் இருவருக்கும், வரப்போகும் சின்னவருக்கும் எங்கள் துஆவும் சலாமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அப்துல் ஜப்பார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் திண்டுக்கல் போயிருந்த மிக்கேல்ராஜ் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தான். தாய்வீட்டில்தான் பெறுவேன் என்று குர்ஷித் அடம்பிடித்து, தாங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு பேகம்பூர் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டிமேல் உட்கார வைத்திருக்கிறீர்களாம். தாங்கள் அடித்த தந்தி வீட்டுக்குள் கதவிடுக்கில் கிடக்கிறதாம். அத்தா டாக்காவுக்குல்ல போயிட்டாக என்று தெருவே கூடி அவளுக்குச் சொல்கிறதாம். அந்தக் கூட்டத்திலேயே தபால்காரர் பேச்சிமுத்து எங்கள் விசாவைக் கொண்டுவந்து தங்கள் கையில் கொடுத்தாராம். இதைக் கேட்ட உடனே உங்கள் மாமியார் செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஏறிவிட்டாள். டாக்காவிலிருந்து வருகிறவள் வடமதுரை பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று பின்னாலேயே ஓடிக் கேட்டேன். “எம்மக வாசல்ல உக்காந்திருக்கா” என்றாள், அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நம்மூர்ப் பூட்டு, வேறு எதற்கும் மசியாது. அதனால் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானும் வருகிறேன்.