மாதா படமும் மெக்கர் காட்டிய பூஜ்யமும்

புதிதாக லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியனை நம்பி வேலை கொடுக்கலாம். பேச மட்டும் விடக்கூடாது. நான் பேசினேன். அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பங்குச் சாமியார் முன்னால்.

எனக்கும் அருளுக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. அருளின் அம்மா ஜெசிந்தா ஆண்ட்டி, ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துத் தரைவீட்டில் கேக் செய்து விற்பவர். வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு சமையலறை கட்டி, இரண்டு பெரிய மின்சார ஓவன்களும் வாங்கிவிட்டார். அவற்றுக்கு அங்கேயே தனியாக ஒரு டிபி பாக்ஸ், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, வேண்டும். ஹாலில் இருக்கும் பழைய பெட்டியிலிருந்து அந்த இரண்டாவது பெட்டிக்கு, நடைச் சுவருக்குள் தடித்த வயர் போக வேண்டும்.

"வெளியாளுக்கு ஏன் கொடுக்கணும் ஆண்ட்டி? நான் செய்றேன்" என்றேன். (வருங்கால மாமியாரிடம் மற்ற பெண்கள் ரசம் வைத்துக் காட்டுவார்கள். எனக்கு ரசம் வராது.)

ஆண்ட்டிக்கு என்மேல் அரைத் திருப்திதான். "நல்ல பொண்ணுதான் லா. ஆனா எப்பப் பாத்தாலும் ஏணியிலயே நிக்குது" என்று அருளிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் சுவருக்குள் பதித்த குழாயில் வயர்களை இழுத்து முடித்தேன். சோதித்தேன். பிரமாதம். கடைசி இணைப்பை மட்டும் மறுநாளுக்கு மிச்சம் வைத்தேன். மறுநாள் ஃபாதர் வந்து சமையலறையை மந்திரிக்கப் போகிறார், சொந்தக்காரர்கள் கூடுவார்கள். என் திறமையை ஆளில்லாத வீட்டிலா காட்டுவது?

சனிக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்ததும் ஃபேன்கள் நின்றன. கூட்டம் காகிதத் தட்டுகளால் விசிறிக்கொண்டது. நான் மெக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"ஃபாதர், இதுதான் மெக்கர். வயர்ல எங்கயாவது கரண்ட் கசியுமான்னு முன்னாடியே சொல்லிடும். நம்பர் எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது. இப்பப் பாருங்க, 999ஐத் தாண்டும்!"

பட்டனை அழுத்தினேன். 0.00.

கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று சிரித்தேன். மறுபடி அழுத்தினேன். பூஜ்யம். பேட்டரியை மாற்றினேன். புது பேட்டரியில் பூஜ்யம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"சீரோன்னா குறையே இல்லன்னு அர்த்தமாம்மா?" என்று ஃபாதர் அன்பாகக் கேட்டார்.

"இல்ல ஃபாதர். லைவ் வயரும் எர்த் வயரும் எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

புடவைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. ஆண்ட்டி என்னைப் பார்க்கவில்லை, அருளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேறு பெண் தேடும் வேலையே தொடங்கிவிட்டது.

அருளின் அப்பா அந்தோணி அங்கிள்தான் சமாதானத்துக்கு வந்தார். "மெஷின் கோளாறா இருக்கும்மா. சும்மா ஆன் பண்ணு லா. ஃபாதருக்கு அடுத்து தீவோட அந்தக் கோடியில, ஜூரோங்ல பூசை இருக்கு."

"முடியாது அங்கிள்" என்றேன். மெக்கரின் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இந்த ரீடிங்கை வச்சுக்கிட்டு நான் ஆன் பண்ண மாட்டேன். கல்யாணமே நின்னாலும் சரி."

(கடைசி வரி தேவையில்லாதது. யாரும் அதுவரை கல்யாணத்தை நிறுத்துவதாகச் சொல்லவில்லை.)

நேற்று நன்றாக இருந்த வயர் இன்று எப்படிக் கெடும்? கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வயர் போகும் வழியே சுவரைத் தடவியபடி நடந்தேன். நடையின் பாதியில் நின்றேன். எதிரே, பொன்னிறச் சட்டத்துக்குள் மாதா. நேற்று அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

"அங்கிள், இந்தப் படம் எப்ப மாட்டினீங்க?"

அங்கிளின் கை நெஞ்சுக்குப் போனது. "நேத்து நீ போனப்புறம். ஃபாதர் வர்றாரேன்னு... ஜெசிக்கு சர்ப்ரைஸா..."

"என்ன ஸ்க்ரூ?"

"கனமான படம்மா. நல்லா நீளமாத்தான் போட்டேன்."

சிலுவை போட்டுவிட்டுப் படத்தை இறக்கினேன். ஸ்க்ரூவைத் திருகி எடுத்தேன். முனையில் பழுப்பு நிற வயர்த் தோல் ஒட்டியிருந்தது. அதை உயர்த்திப் பிடித்தபோது நடை முழுக்க "ஐயோ" என்றது.

"ஜீசஸ்! இதுக்குமேலயா ஆன் பண்ணச் சொன்னீங்க?" என்று ஆண்ட்டி அங்கிளிடம் திரும்பினார். எனக்கு அந்த நிமிடமே அரைக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

காயம்பட்ட வயரை அப்படியே விட முடியாது. வேனில் வயர்ச் சுருள் மிச்சம் இருந்தது. பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி, இந்தப் பக்கம் நான் தள்ள, அந்தப் பக்கம் இழுக்க வேண்டும்.

"யார் இழுக்கிறீங்க?"

முதலில் வந்தது ஃபாதர். அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பின்னால் அருள், அவனுக்குப் பின்னால் அங்கிள், அத்தைமார்.

"மெதுவா! ஒரே சீரா!" என்று நான் ஹாலிலிருந்து கத்தினேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் அத்தனை பணிவாக என் பேச்சைக் கேட்டதில்லை.

மறுபடி மெக்கர். இம்முறை பிரசங்கம் இல்லை. அழுத்தினேன். எண் ஏறிற்று, ஏறிற்று, 999ஐத் தாண்டி நின்றது. கைதட்டல் தெருவரை கேட்டிருக்கும்.

மற்ற சோதனைகளையும் இணைப்பையும் முடித்தேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்து (பெட்டியிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னேன்) சுவிட்சைப் போட்டார். சமையலறை பளீரென்றது. கசிவு வந்தால் அணைக்கும் பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். விளக்குகள் அணைந்தன. கூட்டம் அலறியது.

"பயப்படாதீங்க, இது இப்படித்தான் அணையணும்!"

நான் மறுபடி சுவிட்சைப் போட, ஓவன் சூடானதும் ஆண்ட்டி முதல் கேக்கைச் சுட்டார். முதல் துண்டை என் வாயில் ஊட்டிவிட்டு, "ஏணியில ஏறும்போது பாத்து ஏறும்மா" என்றார். அது சம்மதம் என்று அருள் மொழிபெயர்த்தான்.

இப்போது மாமனாராகிவிட்ட அங்கிள், அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் எந்தச் சுவரையும் தொடுவதில்லை. போன வாரம் பொங்கோலில் அவர் தங்கை வீட்டில் கடிகாரம் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வீடியோ கால் வந்தது. திரை முழுக்க வெள்ளைச் சுவர்.

"இங்க அடிக்கலாமாம்மா?"

"தெரியலையே மாமா. அது நான் போட்ட வயர் இல்லையே."

"அப்ப வேணாம் லா" என்று ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கடிகாரம் இன்னும் அவர்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறதாம். விருந்தாளிகள் வந்தால் அதை மடியில் வைத்துக்கொண்டு மணி பார்க்கிறார்கள்.