குடை மூடிய கதை

குடையை மூடியே தீருவது என்று முடிவு செய்தேன். மழை கொட்டினாலும் சரி, வசை கொட்டினாலும் சரி.

என் கையில் இருக்கும் குடையைச் சொல்லவில்லை. 'கூரை ஓட்டம்' என்ற வீடியோ கேமில் வருகிற குடை. அந்தக் கேமைச் செய்கிற கம்பெனியில் நான் தலைமை வடிவமைப்பாளர். கதை எளிது. ஒரு பெண் கூரைக்குக் கூரை தாவி ஊரெல்லாம் பார்சல் கொடுக்கிறாள். மழையில் பார்சல் நனையாமல் இருக்க அவளுக்கு ஒரு குடை கொடுத்தோம். நாங்கள் கொடுத்தது நனையாமல் இருக்க. ஆடுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டது பறக்க. தாவும்போது குடையைப் படக் படக்கென்று திறந்து மூடினால், அம்மணி காற்றிலேயே மிதந்து ஆற்றைத் தாண்டிவிடுகிறாள். எங்கள் நிரலில் எங்கேயோ ஒரு பிழை.

அந்த ஆற்றுக்கு நான் ஒரு பாலம் கட்டியிருந்தேன். எட்டு மாத உழைப்பு. கைப்பிடியில் துரு, விளக்குக் கம்பத்தில் பறவை எச்சம் என்று பார்த்துப் பார்த்து இழைத்தது. திறப்பு விழா கண்ட நாளிலிருந்து அதில் நடந்த ஒரே ஆள் நான்தான்.

"அடுத்த அப்டேட்ல குடை மூடும். மூடலைன்னா நான் மூட்டை கட்டறேன்" என்று மீட்டிங்கில் முழங்கினேன். ஓசை நன்றாக இருந்ததே என்று சொன்னது.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூட்டைக்குக் கயிறு பார்த்து வைங்க" என்றார். அவர் ஓசைக்காகச் சொல்லவில்லை.

அப்டேட் வெளியானது. கூடவே நானே எழுதிய அறிவிப்பும் வெளியானது. 'ஆட்டத்தின் நீண்டகால நலன் கருதிச் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். பழகப் பழகப் பிடித்துவிடும். உங்கள் கருத்தை மதிக்கிறோம்.'

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். அவள் பல் மருத்துவர். எதிராளியை வாய் திறக்க வைப்பதும், திறந்த வாயைப் பேச முடியாமல் பண்ணுவதும் அவளுக்குத் தொழில். கிளினிக்கிலிருந்து வந்ததும் தன் குழுவோடு சேர்ந்து கூரை ஏறிவிடுவாள். அந்தக் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"என்னங்க, குடைக்கு என்ன ஆச்சு?"

"சரி பண்ணியிருக்கோம்."

"நேத்து வரைக்கும் பறந்துச்சே!"

"அதுதான் பிழை."

"பிழையா? அதை வச்சுத்தான் நாங்க அத்தனை பேரும் பிழைச்சுக்கிட்டு இருந்தோம்!"

"குடைங்கிறது நனையாம இருக்கத்தான்."

"பல்லுங்கிறது மெல்லத்தான். நடுவுல சிரிக்கவும் சிரிக்கிறோம். அது பிழைன்னு எல்லாத்தையும் பிடுங்கிடட்டுமா?"

கையைப் பல்லுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு பேசினேன். "ஆட்டம் ரொம்ப சுலபமாயிடுச்சும்மா."

"எது சுலபம்? ஒரு நொடி பிசகினா பார்சலோட ஆத்துல தலைகீழா விழுவா. எத்தனை தடவை விழுந்து கத்துக்கிட்டோம் தெரியுமா? நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா? நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தோம்."

"கட்டினவங்களுக்குத் தெரியாதா, எது நல்லதுன்னு?"

"கட்டினது நீங்க. குடியிருக்கிறது நாங்க. உங்க பாலத்துல ஒரு ஈ காக்கா நடக்கலைங்கிற வயித்தெரிச்சல்தானே இது?"

"பாலத்தை இதுல இழுக்காதே!"

"நாங்க எங்க இழுத்தோம்? நீங்கதான் எங்களைப் பாலத்துக்கு இழுக்கறீங்க."

இதற்கு என்னிடம் பிரமாதமான பதில் ஒன்று இருந்தது. அவள் கதவைச் சாத்திய பிறகு ஞாபகம் வந்தது.

மறுநாள் என் பாலத்துக்குக் கூட்டம் வந்தது. கண்ணில் நீர் தளும்ப ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். ஆடுகிறவருக்கு ஒருத்தியாக ஆயிரக்கணக்கான பார்சல் பெண்கள் பாலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் மூடிய குடை. ஒருத்தியும் நடக்கவில்லை. மறியலாம்.

கேமின் மதிப்பெண் சரியத் தொடங்கியது. முதலாளி என் மேஜைக்கே வந்துவிட்டார். "திங்கட்கிழமைக்குள்ள இது அடங்கணும். இல்லைன்னா குடை திரும்பத் திறக்கும். அப்புறம் உங்க வார்த்தையை நீங்க காப்பாத்தணும்." இந்த வேலை போனால், பாலம் கட்டத் தெரிந்த, ஆனால் ஆறு இல்லாத ஒரு மனிதனை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

சனிக்கிழமை காலை எழுந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு என் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை. தரை இருந்தது.

"அம்மாடி! என் நாற்காலி எங்கே?"

"செருப்பு அலமாரி பக்கத்துல."

"எதுக்கு?"

"வீட்டின் நீண்டகால நலன் கருதி."

இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். என் காபிக் கோப்பை இருந்த இடத்தில், அதன் பேத்தி மாதிரி ஒரு சின்னக் கோப்பை. சர்க்கரை டப்பாவில் உப்பு. உப்பு டப்பாவில் சலவைத்தூள். துண்டு தொங்குகிற ஆணி, நான் எக்கினாலும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.

"ஏன் இப்படி?"

"முன்ன எல்லாம் உங்களுக்கு ரொம்ப சுலபமா இருந்துச்சு. பழகப் பழகப் பிடிச்சுடும்."

ஒரு நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பல் மருத்துவர் வீட்டில் அதுவும் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உப்புக் காபி இரண்டாவது தடவையாகத் தொண்டையில் இறங்கியபோது பொறுமை வெடித்தது. அவள் அறைக்குள் புகுந்தேன். ஹெட்போன் அவள் கழுத்தில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு மாத்தினே?" என்று கத்தினேன்.

"மெதுவா பேசுங்க" என்றாள். சொல்லும்போதே ஹெட்போனின் மைக்கை என் பக்கம் லேசாகத் திருப்பினாள். கைக்கு வேலை வேண்டும் என்று திருப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மெதுவாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நான் என்ன வந்து போற விருந்தாளியா? இத்தனை வருஷமா புழங்கின கை இது! எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லும்! ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டு, நல்லதுக்குத்தான்னு சொல்றே. யாரோட நல்லதுக்கு? புழங்கறவனுக்குப் பிடிக்காத நல்லது என்ன நல்லது? என் கருத்துக்கு மதிப்பே இல்லையா? மதிக்கிறவ மாத்தறதுக்கு முன்னாடி கேப்பா!"

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றாள், வாய் கொப்பளிக்கச் சொல்கிற குரலில்.

"இல்லை!"

"சரி, போய்ப் படுங்க."

ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மீட்டிங். முதலாளி போனை மேஜை நடுவில் வைத்தார்.

"நேத்துலேருந்து நம்ம ஆட்டக்காரங்க எல்லார்கிட்டயும் இது சுத்திக்கிட்டு இருக்கு. கேளுங்க."

ஒரு குரல் வந்தது. வேகத்தைக் கூட்டி எலிக் குரலாக்கியிருந்தார்கள். ஆனால் வார்த்தைகள்? *யாரைக் கேட்டு மாத்தினே? நான் என்ன வந்து போற விருந்தாளியா?* எல்லாம் என்னுடையவை. ஒவ்வொரு வார்த்தையாக, வேர் உடையாமல், வாயைத் திறக்க வைத்துப் பிடுங்கியிருக்கிறாள்.

"எவ்வளவு நியாயமா கேக்கறான் பாருங்க! புழங்கறவனுக்குப் பிடிக்காத நல்லது என்ன நல்லது?" முதலாளியின் குரல் தழுதழுத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "இவருக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

எனக்கு நானே என்ன பதில் சொல்வது? நியாயம் இரண்டு பக்கமும் என்னுடையதாகவே இருந்தது. தோற்றதும் இரண்டு பக்கமும் நானே.

"குடை திரும்ப வரும்" என்றார் முதலாளி. "இந்தக் குரல் யாருதுன்னு தேடினேன். ஆளு கூச்ச சுபாவமாம், வெளிய வரமாட்டாராம். அதனால அவங்க குழுத் தலைவியைக் கூப்பிட்டிருக்கேன். இனிமே அவங்க பார்த்து ஒத்துக்காம எந்த அப்டேட்டும் வெளிய போகாது."

கதவு திறந்தது. கிளினிக்குக்குப் போகிற வழியில் வந்தவள் போல, வெள்ளைக் கோட்டும் கையுமாக என் மனைவி. "வணக்கம் சார்" என்றாள் என்னைப் பார்த்து. நான் எழுந்து நின்றேன். வீட்டுப் பழக்கம்.

"எது பிழைன்னு இனிமே நீங்க சொல்லணும். அதைத் திருத்தற வேலை இவருக்கு" என்று முதலாளி என்னைக் காட்டினார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக, "குடை மூடலைன்னா மூட்டை கட்டறேன்னு சொன்னீங்களே?" என்றார்.

அறையே என்னைப் பார்த்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருக்கிற மாதிரி.

"இருக்கட்டும் சார்" என்றாள். "பாலம் நல்லாத்தான் கட்டறார். மறியலுக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு."

உயிர் வந்தது. மீட்டிங் முடிந்து எல்லாரும் கலைந்ததும் அவள் பக்கத்தில் போய்க் காதோடு கேட்டேன்:

"அதான் உன் குடை திரும்ப வந்துடுச்சே. என் நாற்காலி?"

"உங்கள் கருத்தை மதிக்கிறோம்" என்றாள்.