வரவேற்பறையில் நாற்பத்தொரு நாள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது பழைய கதை. நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று மகள் போனில் சொன்னதால்தான் இந்தக் கடிதமே.

நூலகங்களுக்காக நீங்கள் இலவசமாக எழுதிக் கொடுத்திருக்கும் மென்பொருளை இந்த மாதக் கடைசியோடு மூடப்போகிறீர்களாமே. ஒன்பது வருடமாக நீங்களும் அந்தத் தாடிக்கார நண்பருமே இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், நிரல் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம் என்று எழுதி வைத்தும் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை என்று அலுத்துக்கொண்டீர்களாம். ஓய்வு பெற்ற பிறகு நான் மாலையில் போய் உட்காரும் எங்கள் தெரு நூலகம் அந்த மென்பொருளில்தான் ஓடுகிறது. அது நின்றால் பதினோராயிரம் புத்தகங்களை மறுபடி நோட்டில் எழுத வேண்டியவன் நான். அதனால் துணிந்து சொல்கிறேன், ஆள் வந்தது. ‘ஓய்வுபெற்றவன்’ என்ற பெயரில் நாற்பத்தொரு நாளாக உங்கள் வாசலில் நிற்பது உங்கள் மாமனார்தான்.

எங்கள் நூலகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மென்பொருளுக்கு அது தெரியாது. புத்தகத்தைத் திங்களன்று திருப்பித் தரச் சொல்லிச் செய்தி அனுப்பும். ஜனங்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் பக்கத்தில் இதே கோளாறு பட்டியலில் இருந்தது, ‘புதியவர்களுக்கு எளிது’ என்று பச்சைச் சீட்டு வேறு ஒட்டியிருந்தது. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதுமாம். நான் செய்கிறேன் என்று எழுதினேன். முதலில் ‘புதியவர்களே வருக’ என்ற வழிகாட்டியைப் படி என்றது பக்கம். முப்பத்தெட்டுப் பக்கம், ஒரு வாரம் படித்தேன். நாலாம் பக்கத்தில் சொன்னபடி நிறுவினால் ஏழாம் பக்கத்தில் சொன்னது ஓடவில்லை. அரட்டைக் குழுவில் பணிவாகக் கேட்டேன். தாடிக்காரர், “இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்று முடித்துவிட்டார். எனக்குத் தெரியவில்லையாதலால் அந்த எல்லாரில் நான் சேர்த்தி இல்லை என்று புரிந்துகொண்டேன்.

விடுவேனா? பன்னிரண்டு நாள் முட்டி மோதி அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது, ‘உங்கள் பங்களிப்பு எங்களுக்குப் பொன்னானது’ என்று. பூரித்துப்போய் உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, அதை எழுதியது தானாகப் பதில் போடும் ரோபோ. அதன் கீழேயே, வரியின் முன்னால் நாலு இடம் விடுவதற்குப் பதில் மூன்று இடம் விட்டிருப்பதாக ஒரு சிவப்புக் குறி. திருத்தினேன். பிறகு யாரும் பேசவில்லை. வேலையாக இருப்பீர்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் பேசவில்லை. இருபது நாளாக யாரும் பேசாததால் இது மூடப்படுகிறது என்று இருபத்தொன்றாம் நாள் அதே ரோபோ மூடிவிட்டது. பேசாதது நீங்கள், மூடப்பட்டது நான். மறுநாள் நீங்களே அந்த வரியை எழுதிச் சேர்த்துவிட்டு, கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தீர்கள்: “புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற நேரத்துல நாமளே முடிச்சிரலாம்.”

மாப்பிள்ளை, வீட்டுவசதி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மனு வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்தவன் நான். வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதில் எனக்குத் தெரியாத வித்தை இல்லை என்று நினைத்திருந்தேன். அதற்கு எங்களுக்கு நாலு குமாஸ்தாக்கள், ஒரு பியூன், மதிய இடைவேளை எல்லாம் தேவைப்பட்டன. நீங்கள் ஒரு வரவேற்புரையை வைத்தே சாதித்துவிட்டீர்கள். கோபத்தில் சொல்லவில்லை, கோபமும் இருக்கிறது. வருகிறவருக்கு முப்பத்தெட்டுப் பக்கம் எதற்கு? “வாங்க, எங்க மாட்டிக்கிச்சு, காட்டுங்க” என்று கேட்க ஒரு ஆள் போதும். முதல் வரியைத் தப்பாகவே எழுதட்டும், அடுத்த வரி எழுத நாளைக்கும் வருவார். ஆள் இல்லை என்று மட்டும் மூடிவிடாதீர்கள். அந்த ஜன்னலை என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு எங்கள் ஆசிகள். தாடிக்காரரையும் விசாரித்ததாக ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: முழங்கால் வலியால் இதைத் தபாலில் சேர்க்க ஐந்து நாள் ஆகிவிட்டது. அதற்குள் மகளிடம் போனில் படித்துக் காட்டினேன், அவள் உங்களிடம் சொல்லி, ஜன்னலும் என் கைக்கு வந்துவிட்டது. மிக்க நன்றி. நேற்றுக் காலை முதல் ஆள் வந்தார். ‘மின்மினி’ என்று பெயர். வழிகாட்டியில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தார். பழக்க தோஷம், என்னையறியாமல் மூன்று விளக்கங்கள் கேட்டு, உரிய படிவத்தில் மறுபடி அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டேன். சாயங்காலம் மகள் போன் செய்தாள். “அந்த மின்மினி நான்தாம்பா. போன வருஷம் அனுப்புனேன், அவர் திருப்பி அனுப்பிட்டார். இப்ப அப்பாதானே இருக்கார்னு நம்பி அனுப்புனேன்.” அதோடு வைத்துவிட்டாள். உடனே அதைச் சேர்த்துவிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். திருப்பி அனுப்பும் பொத்தான் எது என்று தெரிகிறது, ஏற்றுக்கொள்ளும் பொத்தான்தான் எது என்று தெரியவில்லை. கொஞ்சம் சொல்லுங்கள், மாப்பிள்ளை.